தொட்டியில் இருப்பது எந்த ஈஸ்ட்? பீர்த் தரக்கட்டுப்பாட்டில் விரைவாக அடையாளம் காணும் முறைகள்

புதுச்சேரியில் கள்ளுக்கடையும் உண்டு. முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டைக் காய்ச்சிப் பீராக்கி அதே கூரையின் கீழ் ஊற்றித் தரும் மைக்ரோபுரூவரியும் உண்டு. கள்ளில் இறங்கியிருப்பது எந்த ஈஸ்ட் என்று யாரும் கேட்பதில்லை. பாளையிலிருந்தும் பானையிலிருந்தும் பூச்சிகளின் காலிலிருந்தும் வந்து சேரும் பலவகை ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் கூடித்தான் அதைப் புளிக்க வைக்கின்றன. அந்தக் கலவையே கள்ளின் சுவை. பீர் காய்ச்சுபவரோ ஒரே ஒரு ஈஸ்டைத் தேர்ந்து, அளந்து, ஆறவைத்த மால்ட் சாற்றில் இடுகிறார். நொதித்தல் முடியும்வரை அந்த ஒன்று மட்டுமே அங்கே வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அவர் இட்டதுதான் உள்ளே இருக்கிறதா, வேறு எதுவும் கூடச் சேர்ந்துகொண்டதா என்பதை உரிய நேரத்துக்குள் கண்டறிவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1876-இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்டபோது, பீர் கெடுவதற்கு நுண்ணுயிர்கள்தான் காரணம் என்பது தெளிவாயிற்று. ஆயினும் அவருடைய கவனம் பெரும்பாலும் பாக்டீரியாக்கள்மீதே இருந்தது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹான்சென், வேண்டாத ஈஸ்ட் ஒன்று கலந்துவிட்டாலும் பீரின் மணமும் சுவையும் கெடும் என்று காட்டியதோடு, ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்தெடுத்த தூய ஈஸ்டை 1883-இல் ஆலையின் பயன்பாட்டுக்கே கொண்டுவந்தார். தூய கல்ச்சர் என்ற ஒன்று வந்த பிறகுதான், அது தூய்மையாகவே இருக்கிறதா என்று சோதிக்க வேண்டிய தேவையும் வந்தது.

இத்தொழிலில் காட்டு ஈஸ்ட் என்று சொல்வது காட்டிலிருந்து வந்ததை மட்டுமன்று. அந்தத் தொட்டியில் நாம் வேண்டுமென்று இடாத எந்த ஈஸ்டும் அந்தத் தொட்டிக்குக் காட்டு ஈஸ்ட்தான். ஒரு மைக்ரோபுரூவரியில் நான்கு தொட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ஒன்றில் ஜெர்மானியக் கோதுமை பீர், ஒன்றில் செசோன் என்ற பெல்ஜிய பீர், மற்ற இரண்டில் குளிரில் மெல்ல நொதிக்கவிடும் லாகர் பீர். கோதுமை பீருக்குரிய ஈஸ்ட், மால்ட்டில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை 4-வைனைல் குவாயகால் என்ற பொருளாக மாற்றிக் கிராம்பு மணத்தைத் தருகிறது. அந்த பீரைக் கேட்டு வாங்குபவர் அந்த மணத்துக்காகவே வாங்குகிறார். அதே ஈஸ்ட் சரியாகக் கழுவாத ஒரு குழாய் வழியே லாகர் தொட்டிக்குள் போய்விட்டால், அது பழுது. சிறிய ஆலைகளில் வெளியிலிருந்து வரும் ஈஸ்டைவிட, பக்கத்துத் தொட்டியிலிருந்து வரும் ஈஸ்டே அதிகத் தலைவலி தருகிறது என்பது என் கருத்து.

இனமும் ரகமும்

அடையாளம் காண்பது என்னும்போது இரண்டு வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பொன்னியும் சீரகச் சம்பாவும் ஒரே இனமான நெல்தான். ஆனால் ஒன்றைக் கேட்டவருக்கு மற்றொன்றை அளந்து கொடுத்தால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஈஸ்டிலும் அவ்வாறே. லாகரைவிட வெதுவெதுப்பில் நொதிக்கும் ஏல் வகை பீரைத் தரும் ஈஸ்டும், புதுச்சேரி பேக்கரிகளில் ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்டும், மேலே சொன்ன கோதுமை பீர் ஈஸ்டும் இனத்தால் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஒன்றே, ரகத்தால் வெவ்வேறு. லாகருக்குரிய சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ் என்பது செரிவிசியேவும், 2011-இல் படகோனியக் காடுகளிலிருந்து கண்டறிந்து அறிவிக்கப்பட்ட யூபயானஸ் என்ற குளிர்தாங்கும் இனமும் கலந்து உண்டான கலப்பினம். ஆகவே இனத்தின் பெயரை மட்டும் சொல்லும் சோதனை, லாகர் தொட்டிக்குள் ஏல் ஈஸ்ட் வந்ததைச் சொல்லக்கூடும். ஏல் தொட்டிக்குள் ரொட்டி ஈஸ்ட் வந்ததைச் சொல்லாது. ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்புவதற்கு முன், நாம் கேட்பது இனத்தையா ரகத்தையா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்; அதைச் செய்யாமல் பணத்தைக் கட்டிவிட்டு, அறிக்கையில் செரிவிசியே என்று வந்ததும் நிம்மதி அடைபவர்கள் உண்டு.

இதன் ஆபத்தான எடுத்துக்காட்டு டயஸ்டாடிகஸ். இதுவும் செரிவிசியே இனத்தின் ஒரு வகையே. நுண்ணோக்கியில் பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் எஸ்டிஏ1 என்ற மரபணு இதனிடம் இருக்கிறது. அதன் உதவியால் குளூக்கோஅமைலேஸ் என்ற நொதியைச் செல்லுக்கு வெளியே சுரந்து, மற்ற பீர் ஈஸ்டுகள் தொடாமல் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரின் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை உடைத்து உண்கிறது. இதன் விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு லிட்டர் பீரில் 10 கிராம் அளவுக்கு டெக்ஸ்ட்ரின் இவ்வாறு நொதித்துப் போனால், ஏறத்தாழ 5 கிராம் கரியமில வாயு கூடுதலாக உண்டாகும். சாதாரண பீரில் ஏற்கெனவே கரைந்திருப்பதும் லிட்டருக்கு 5 கிராம் அளவுதான். மூடிய பாட்டிலுக்குள் வாயு இருமடங்கானால், திறக்கும்போது நுரை பீறிடும், அல்லது திறக்காமலேயே பாட்டில் வெடிக்கும். இது அடைத்த அன்றே நடப்பதில்லை. வாரக்கணக்கில் மெல்ல நடக்கும். குளிரூட்டாத கிடங்கில், கடலூர்–புதுச்சேரி மே மாத வெயிலில், அந்த வாரங்கள் சுருங்கும். செசோன் பீருக்கு விற்கப்படும் ஈஸ்டுகளில் பல இந்த மரபணு உள்ளவை என்பதால், நாம் கற்பனை செய்த அந்த நான்கு தொட்டி ஆலைக்குள் ஆபத்து விலைகொடுத்தே வாங்கப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரெட்டனோமைசிஸ் மெதுவாக வளர்ந்து, குதிரை லாயத்தையும் தோலையும் நினைவூட்டும் ஃபீனால் வாடைகளைத் தரும். பிச்சியா காற்று பட்ட இடத்தில் மேற்பரப்பில் ஆடையாகப் படரும். பழத்தோல்களில் மிகுதியாக இருக்கும் ஹான்செனியாஸ்போரா, நொதித்தலின் தொடக்கத்தில் முந்திக்கொள்ளும். பண்ருட்டிப் பலாவையோ முந்திரிப் பழத்தையோ பீரில் சேர்த்துப் பார்க்க விரும்புபவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஏன் விரைவு தேவை

ஒரு தொட்டியில் நொதித்தல் முடிந்ததும் அடியில் படியும் ஈஸ்டை எடுத்து அடுத்த காய்ச்சலுக்கு இடுவது வழக்கம். எடுத்த ஈஸ்டை நெடுநாள் வைத்திருக்க முடியாது. குளிரில் வைத்தாலும் நாளுக்கு நாள் அதன் உயிர்ப்பு குறைந்துகொண்டே போகும் என்பதால் ஓரிரு நாளில், மிஞ்சினால் சில நாள்களில், அது அடுத்த தொட்டிக்குள் போய்விடும். ஆனால் அதே ஈஸ்டை நுண்ணுயிர்களுக்கான உணவை அகர் என்ற கூழால் உறையவைத்த ஊடகத் தட்டில் தடவி வளர்த்துப் பார்க்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். பிரெட்டனோமைசிஸ் கண்ணுக்குத் தெரிய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். விடை வந்து சேரும்போது ஈஸ்ட் அடுத்த தொட்டியில் பெருகிக்கொண்டிருக்கிறது. ஆகவே விரைவான சோதனை என்பதை மணிக்கணக்கில் வரையறுப்பதைவிட, முடிவெடுக்கும் நேரத்துக்கு முன் விடை தரும் சோதனை என்று வரையறுப்பதே பொருந்தும்.

இரண்டாவது இடர் எண்ணிக்கை. நல்ல ஈஸ்டில் பத்து லட்சம் செல்லுக்கு ஒரு காட்டு ஈஸ்ட் என்பது மிகக் குறைவாகத் தோன்றும். நொதித்தலைத் தொடங்க ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கோடி செல் இடுகிறார்கள். அப்படியானால் ஒரு மில்லிலிட்டரில் பத்துக் காட்டுச் செல்கள், ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு கோடிக் காட்டுச் செல்கள். இவ்வளவு இருந்தும், பத்து லட்சத்தை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்து அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க எவராலும் முடியாது. எந்த முறையாக இருந்தாலும், பெரும்பான்மையை ஒதுக்கிச் சிறுபான்மையைத் தெரியவைக்கும் தந்திரம் ஒன்று அதற்குள் இருந்தாக வேண்டும்.

நுண்ணோக்கியிலும் தட்டிலும் தெரிவது

நுண்ணோக்கி ஐந்து நிமிடத்தில் விடை தருகிறது. அதைவிட விரைவானது வேறொன்றும் இல்லை. ஈஸ்ட் செல் பொதுவாக 5 முதல் 10 மைக்ரோமீட்டர் அளவில் முட்டை வடிவில் இருக்கும். மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டால், உயிருள்ள செல்கள் அந்தச் சாயத்தை நிறமற்றதாக்கிவிட, இறந்தவை மட்டும் நீலமாக நிற்கும். இரு முனையிலும் கூம்பிய எலுமிச்சை வடிவச் செல் கண்ணில் பட்டால் ஹான்செனியாஸ்போராவாக இருக்கலாம் என்றும், நீண்டு தொடராகக் கோத்து நிற்பவை தெரிந்தால் பிச்சியா போன்றவையாக இருக்கலாம் என்றும் ஐயப்படலாம். ஆனால் அவை கண்ணில் படும் அளவுக்குப் பெருகிவிட்டன என்றால் நிலைமை ஏற்கெனவே கைமீறிவிட்டது. நுண்ணோக்கி கேட்டை உறுதிப்படுத்தும்; தூய்மைக்குச் சான்று தராது.

தட்டு முறையில் மேலே சொன்ன தந்திரம் ஊடகத்துக்குள்ளேயே இருக்கிறது. லைசின் என்ற அமினோ அமிலத்தை மட்டுமே நைட்ரஜன் உணவாகக் கொடுத்தால் சாக்கரோமைசிஸ் பேரினம் வளர முடியாது. மற்றப் பேரினங்களில் பல வளரும். ஆகவே லைசின் அகரில் கோடி பீர் ஈஸ்டைத் தடவினாலும், முளைக்கும் காலனிகள், அதாவது கண்ணுக்குத் தெரியும் செல் கூட்டங்கள், வெளியாட்களே. மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், கலந்த ஊடகத்தில் பீர் ஈஸ்டுகள் பெரும்பாலும் அடங்கிவிட, செம்பைத் தாங்கும் காட்டுச் சாக்கரோமைசிஸ் வகைகள் மேலெழும். டயஸ்டாடிகஸ் பல நேரம் இதில் அகப்படும், எல்லா நேரமும் அன்று. சைக்ளோஹெக்சிமைடு சேர்த்த தட்டில் சாக்கரோமைசிஸ் நின்றுவிடப் பிரெட்டனோமைசிஸ் வளரும். இப்பொருள் மனிதருக்கும் நச்சு என்பதால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. லாகர் தொட்டியில் ஏல் ஈஸ்ட் புகுந்திருக்கிறதா என்பதற்கு வெப்பமே போதும்: 37 டிகிரி செல்சியஸில் ஏல் ஈஸ்டுகள் பெரும்பாலும் வளரும், லாகர் ஈஸ்ட் வளராது.

எனக்கு மிகவும் பயன்படுவதாகத் தோன்றுவது டபிள்யூஎல் நியூட்ரியன்ட் அகர். அதில் பச்சைச் சாயம் ஒன்று கலந்திருக்கிறது. ஒவ்வொரு ஈஸ்டும் அந்தச் சாயத்தை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகிறது. நான்காம் நாள் தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பீர் ஈஸ்டின் காலனிகள் வெளிர் மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ குமிழ்போல் மேடிட்டு, விளிம்பு வழவழவென்று நிற்பது தெரியும். அவற்றின் இடையே தட்டையான, கரும்பச்சை வட்டம் ஒன்று கிடந்தால் அது ஹான்செனியாஸ்போராவாக இருக்க வாய்ப்புண்டு. காலனியைச் சுற்றி ஊடகம் மஞ்சளாகியிருந்தால் அமிலம் சுரக்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. தன் ஆலையின் ஈஸ்ட் இத்தட்டில் எப்படித் தோன்றும் என்று பழகிய கண், வேற்றுக் காலனியை அறிக்கை இல்லாமலே பிரித்துவிடும்.

நம் ஊரில் தட்டு முறைக்கென்று சில தொல்லைகள் உண்டு. சாதாரண இன்குபேட்டர் சூடேற்றத்தான் செய்யும், குளிர்விக்காது. கோடையில் அறையே 35 டிகிரியைத் தாண்டும்போது 25 டிகிரியில் தட்டை வைக்க, குளிர்விக்கவும் கூடிய பிஓடி இன்குபேட்டர் வேண்டும். தட்டைத் திறக்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது. வியர்த்தாலும் பொறுத்துக்கொண்டு, எரியும் சுடரின் அருகிலேயே வேலையை முடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரிலும் மரச்சட்டத்திலும் படரும் பூஞ்சையின் வித்துகள் தட்டுக்குள் விழுந்தால், அதைத் தொட்டியின் குற்றமாகப் படித்துவிடும் அபாயம் இருப்பதால், எதையும் தடவாத ஒரு வெற்றுத் தட்டையும் கூடவே வைப்பது நல்லது. மாதிரி எடுக்கும் வால்வின் வாயை 70 விழுக்காடு ஆல்கஹால் தெளித்துத் துடைத்து, முதலில் வரும் பீரை வழியவிட்டுப் பிறகுதான் குப்பியில் பிடிக்க வேண்டும்.

புரதத்தாலும் டிஎன்ஏவாலும் அறிவது

மால்டி-டாஃப் என்ற கருவி இப்போது பெரிய மருத்துவமனை ஆய்வகங்களில் நோய்க்கிருமிகளைக் கண்டறியப் பயன்படுகிறது. ஒரு காலனியிலிருந்து சிறிதளவு எடுத்து உலோகத் தகட்டில் பூசி, ஈஸ்டின் தடித்த செல்சுவரை இளக்க ஃபார்மிக் அமிலம் சேர்த்து, லேசர் கதிரை உள்வாங்கும் ஒரு பொருளையும் மேலே விட்டு உலர்த்துகிறார்கள். லேசர் பட்டதும் செல்லின் புரதங்கள் மின்னேற்றத்துடன் கிளம்பி வெற்றிடக் குழாயில் பாய்கின்றன. எடை குறைந்தவை முதலில், கூடியவை பின்னர் மறுமுனையைச் சேரும். ஏறத்தாழ 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையுள்ள புரதங்களின் வரிசையைச் சேமிப்பில் உள்ள வரிசைகளோடு ஒப்பிட்டு, கருவி சில நிமிடங்களில் இனத்தின் பெயரைச் சொல்லிவிடும். ஆயினும் அதற்கு முதலில் ஒரு காலனி வேண்டும். தட்டுக்குச் செலவான நாள்கள் குறையவில்லை. மருத்துவமனைக் கருவியின் சேமிப்பில் நோய் தரும் கேண்டிடா ஈஸ்ட் வகைகள் நிறைந்திருக்கும், பீரைக் கெடுப்பவை அவ்வளவு இருக்க வேண்டியதில்லை. ரகங்களைப் பிரிப்பதிலும் இது வலுவற்றது.

டிஎன்ஏ வழிமுறைகளின் அடித்தளம், 1983-இல் கேரி மல்லிஸ் கருக்கொண்ட பிசிஆர். தேடும் மரபணுத் துண்டு மாதிரியில் ஒன்றே ஒன்று இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிக்கும். தடையின்றி நடந்தால் முப்பது சுற்றில் ஒன்று 107 கோடியாகும். மற்ற டிஎன்ஏ எவ்வளவு இருந்தாலும் பெருகாது. பெரும்பான்மையை ஒதுக்கும் தந்திரம் இங்கே அமைவது இப்படித்தான். எல்லாம் சேர்த்து மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும்.

எந்தத் துண்டைப் பெருக்குகிறோம் என்பதே எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ரைபோசோம் மரபணுக்களுக்கு நடுவே உள்ள ஐடிஎஸ் பகுதியைப் பெருக்கினால் இனம் தெரியும்: அதன் நீளம் செரிவிசியேவில் ஏறத்தாழ 880 காரஇணைகள் (டிஎன்ஏவின் நீளத்தை அளக்கும் அலகு), ஹான்செனியாஸ்போரா உவாரமில் 750, பிரெட்டனோமைசிஸ் புருக்ஸெல்லென்சிஸில் 485. ஜெல் என்ற கூழ்ப்படலத்தில் மின்சாரத்தால் ஓடவிட்டால், துண்டுகளின் நீளத்துக்கேற்பப் பட்டைகள் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். ரகம் தெரிய வேண்டுமானால் இன்டர்டெல்டா முறை: செரிவிசியேவின் குரோமோசோம்களில் டெல்டா என்ற துண்டுகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன, ரகத்துக்கு ரகம் அவற்றின் இடைவெளி மாறுவதால், இடைப்பகுதிகளைப் பெருக்கினால் ஒவ்வொரு ரகத்துக்கும் தனியான பட்டை வரிசை கிடைக்கும். டயஸ்டாடிகஸ் மட்டுமே கவலை என்றால் எஸ்டிஏ1 மரபணுவை நேரடியாகத் தேடலாம்.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. கருவி விற்பவர்கள் அவற்றை மெதுவான குரலில்தான் சொல்வார்கள். பிசிஆர் இறந்த செல்லின் டிஎன்ஏவையும் பெருக்கிவிடும். சூடேற்றிப் பதப்படுத்திய பீரில் எஸ்டிஏ1 தென்பட்டால், உயிரோடு ஒன்று இருக்கிறது என்று பொருளாகாது. எடுத்த மாதிரி மிகச் சிறிதாக இருந்து, அந்தத் துளியில் காட்டுச் செல் விழாமல் போனால், எவ்வளவு நுண்மையான பிசிஆரும் இல்லை என்றே சொல்லும். இதனால்தான் மாதிரியை வடிகட்டிச் செறிவாக்கியோ, செம்பு கலந்த திரவ ஊடகத்தில் ஓரிரு நாள் வளர்த்தோ பிறகு சோதிக்கிறார்கள். மேலும் மரபணு இருப்பதும் அது முழு வலிமையோடு செயல்படுவதும் ஒன்றல்ல: எஸ்டிஏ1-ஐ இயக்கும் பகுதியில் 1,162 காரஇணைகள் இல்லாத ரகங்கள் டெக்ஸ்ட்ரினை மிக மெதுவாகவே உடைக்கின்றன என்று 2019-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. பிசிஆர் உண்டு என்று சொன்ன ஈஸ்டை, டெக்ஸ்ட்ரின் அல்லது மாவுச்சத்து மட்டுமே உள்ள ஊடகத்தில் வளரவிட்டுப் பார்த்த பிறகே அதன் ஆபத்தின் அளவைச் சொல்ல முடியும்.

சிறிய ஆலை எதை வாங்க வேண்டும் என்று கேட்டால், முதலில் நல்ல நுண்ணோக்கி, பிறகு பிஓடி இன்குபேட்டர், டபிள்யூஎல் ஊடகம், செம்பு ஊடகம் என்றே சொல்வேன். பிசிஆர் கருவியை வாங்காமல், ஐயத்துக்குரிய காலனி கிடைக்கும்போது வெளி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பாட்டிலிலோ கேனிலோ அடைத்து வெளியூருக்கு அனுப்பும் ஆலைக்கு இது போதாது. அங்கே ஒவ்வொரு தொட்டிக்கும் எஸ்டிஏ1 சோதனை முடிந்த பிறகே அடைக்க வேண்டும், ஏனெனில் அதன்பின் திருத்த வழி இல்லை. மைக்ரோபுரூவரியில் பீர் சில நாளில் குளிரிலேயே விற்றுத் தீர்ந்துவிடுவதால், அங்கே காக்க வேண்டியது பீரைவிட மறுமுறை இடப்போகும் ஈஸ்டைத்தான்.

இவை எல்லாவற்றுக்கும் ஒப்பிட ஒரு மூலம் வேண்டும். தன் ஈஸ்டின் பட்டை வரிசை எப்படி இருக்கும் என்று தெரியாத ஆலைக்கு, ஆய்வகம் தரும் படம் வெறும் கோடுகள். ஈஸ்ட் புதிதாக வாங்கிய அன்றே அதிலிருந்து ஒரு தூய காலனியைப் பிரித்து, சாய்வு அகரில் 4 டிகிரியிலும், கிளிசரால் கலந்து முடிந்தால் ஏதேனும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தின் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியிலும் சேமிக்கலாம். மின்வெட்டு நேரும் இடங்களில் இரண்டு பிரதிகளை இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. அதே காலனியை ஒருமுறை இன்டர்டெல்டா சோதனைக்கும் டபிள்யூஎல் தட்டுக்கும் உட்படுத்தி, இரண்டு படங்களையும் தேதியிட்டுக் கோப்பில் வைத்துவிட்டால், பத்தாவது காய்ச்சலில் சுவை மாறியதாக வாடிக்கையாளர் ஒருவர் சொல்லும் நாளில், தொட்டியிலிருந்து எடுத்த காலனியின் படத்தை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.